எட்டு மடங்கு

2023 டிசம்பர். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. கூழைக்கடாக்கள் இறக்கை கறுத்து உட்கார்ந்திருந்தன. அதற்கப்புறம்தான் பைனாகுலர் வாங்கணும்னு தோன்றியது.

கடையில் 10×25 காட்டினார்கள். பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். கை நடுக்கமும் பத்து மடங்கு. 8×25 எடுத்தேன். 25-ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம், சுமார் 3 மில்லிமீட்டர், பகலுக்குப் போதும். எங்கள் முருங்கை மாடிக்கு மூணு மீட்டர்தான். அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுதான்னு கடை வாசலிலேயே பார்த்துக்கொண்டேன்.

"காக்கா பாக்கவா இவ்ளோ துட்டு?" என்றாள் அம்மா.

மறுநாள் முருங்கைப்பூவில் தேன்சிட்டு. அம்மா வாங்கிப் பார்த்தாள், திருப்பித் தரவேயில்லை.

"கழுத்து மின்னுதுடா." கொஞ்சம் கழித்து, "இறக்கை சுத்தமா இருக்கு."