அரஸ்டருக்குள் ஆயிரம் எல்லைகள்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் வழியில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இரட்டை போஸ்ட்டில் நிற்கிறது அந்த டிரான்ஸ்பார்மர். முந்தின மாலை இடியும் மழையும். காலையில் தோட்டத்து மோட்டார் எதுவும் ஓடவில்லை. லைன்மேன் அண்ணாந்து பார்த்தே காரணத்தைச் சொல்லிவிட்டார்: "நடு பேஸ் அரஸ்டர் போயிருச்சு சார். எர்த் வயர் கழண்டு தொங்குது பாருங்க."

துணைமின் நிலையத்துக்குப் பேசி எல்.சி. (லைன் கிளியர்) வாங்கினார்கள். ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, மூன்று கம்பிகளையும் எர்த் ராடால் மண்ணோடு இணைத்த பிறகுதான் லைன்மேன் இருவரில் இளையவர் ஏறினார். "கிளவுஸ் மாட்டிட்டியாடா?" என்றார் மூத்தவர். "மாட்டிட்டேண்ணே" என்று மேலிருந்து பதில் வந்தது.

அரஸ்டர் என்பது மின்னலிடமிருந்து டிரான்ஸ்பார்மரைக் காக்கும் கருவி. இறக்கிய அரஸ்டருக்குள் இருப்பவை துத்தநாக ஆக்சைடு வில்லைகள். துத்தநாக ஆக்சைடுத் தூளோடு பிஸ்மத் ஆக்சைடு போன்றவற்றைச் சிறிதளவு கலந்து சுட்டு எடுக்கிறார்கள். இப்படிச் சுட்ட பொருளின் மின்பண்பை ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனத்திலிருந்து மிச்சியோ மட்சுவோகா 1971இல் விளக்கி எழுதினார். துகள் ஒவ்வொன்றும் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் இரு துகள்கள் ஒட்டும் எல்லையில் எலக்ட்ரான்கள் சிக்கி, பின்னால் வருபவற்றைத் தடுக்கின்றன. ஓர் எல்லை தாங்குவது சுமார் 3 வோல்ட்; ஆயிரக்கணக்கான எல்லைகள் வரிசையாக நின்று 11 கே.வி. லைனைத் தாங்குகின்றன. மின்னல் தாக்கி அழுத்தம் எகிறும்போது எல்லா எல்லைகளும் வழிவிடும். மின்னோட்டம் மண்ணில் இறங்கியதும் மறுபடி தடுக்கும்.

ஆக்சைடுகள் சந்திக்கும் இடத்தின் ஆற்றல் இதோடு முடியவில்லை. லாந்தனம் அலுமினேட், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை. ஒன்றன்மேல் ஒன்றை அணு அடுக்குகளாக வளர்த்தால், நடுத்தளத்தில் எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடுகின்றன என்று 2004இல் ஓடோமோவும் ஹுவாங்கும் காட்டினார்கள். 2007இல், 0.2 கெல்வின் குளிரில், அதே தளம் மீக்கடத்தியாகவும் மாறியது. இத்தகைய படலங்களை வளர்க்கும் லேசர் துடிப்பு முறையை 1987இல் வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர் தி. வெங்கடேசன்.

டிரான்ஸ்பார்மர் அடியில், மின்காப்பை அளக்கும் மெக்கரில் வைத்தபோது பழைய அரஸ்டர் சுழியம் காட்டியது. புதியதில் முள் மறுமுனைக்கு ஓடியது. அதை மாட்டியதும் வேலை முடிந்ததென்று நினைத்தேன். மூத்தவரோ மண்வெட்டியோடு எர்த் குழிக்குப் போனார். அடைந்திருந்த குப்பையை வாரி, துருப்பிடித்த போல்ட்டைத் தேய்த்து முறுக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். "மண்ணு காஞ்சு கெடந்தா இடி எங்க சார் போகும்? டிரான்ஸ்பார்மருக்குள்ளதான்."

ஆக்சைடு எல்லை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் முன்பே வழிவிடுகிறது. அந்த வழி மண் வரை போய்ச் சேர்வது இவர்கள் கையில் இருக்கிறது. பாதிக் கருவி வில்லையில் என்றால், மறுபாதி இந்தக் குழியில். எர்த் கம்பியை அறுக்காமலும் குழியில் குப்பை கொட்டாமலும் காப்பது ஊராரின் கடமை. மேலே ஏறும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து, நல்ல கையுறையும் பாதுகாப்புப் பெல்ட்டும் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் கடமை. இடியைத் தாங்குகிற வேலையில் இவை இரண்டும் அடங்கும்.