செப்புத் தகட்டில் உதகை

உதகையின் பழைய கட்டடங்களைக் காட்டும் அச்சுப்படங்களை இன்று இவ்வூர் விடுதிகளின் சுவர்களில் காணலாம். வெளிறிய வானம், சரிந்திறங்கும் புல்வெளி, நடுவே ஒரு தேவாலயக் கோபுரம், ஓரத்தில் குதிரையேறிய ஒரு துரை. பார்ப்பவர் ஏதோ பழைய ஆங்கிலேய ஊர் என்று எண்ணிக் கடந்துவிடுவார். அந்த எண்ணம் எப்படி உண்டாகிறது என்பதையே நாம் இங்குப் பேச விழைகிறோம்.

நீலகிரியைக் காட்டும் அச்சுப்படத் தொகுப்புகளுள் குறிப்பிடத்தக்கது கேப்டன் ரிச்சர்ட் பாரன் என்னும் இராணுவ அதிகாரியுடையது. 1835இல் இம்மலையில் சிலகாலம் தங்கி அவர் வரைந்தவற்றை 1837இல் இலண்டனில் இராபர்ட் ஹாவெல் வெளியிட்டார். ஆடுபானின் அமெரிக்கப் பறவைப் படங்களைத் தகட்டில் செதுக்கிப் புகழ்பெற்ற ஹாவெல்தான் இவர். கையாண்ட முறைக்கு 'அக்குவாடின்ட்' என்று பெயர். செப்புத் தகட்டின்மேல் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடேற்றி ஒட்டவைப்பர். பின் அமிலத்தில் இடுவர். துகள்களுக்கு இடையே அமிலம் அரித்த நுண்குழிகளில் மை தங்கும். அரிப்பு ஆழமானால் நிழல் கருக்கும். அச்சிட்ட தாளில் கையால் வண்ணம் தீட்டுவதும் உண்டு. மலை மூட்டத்தையும் தொலைவின் நீலத்தையும் காட்ட மிகவும் இசைந்த முறை இது.

பாரன் இங்கு வந்தபோது உதகையில் ஆங்கிலேயப் பழமை என்று எதுவும் இல்லை. ஜான் சல்லிவன் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியது 1822இல். புனித ஸ்டீபன் தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டியது 1829இல். அதன் அர்ப்பணிப்பு 1830இல். ஆக, அப்போது அத்தேவாலயத்தின் வயது ஐந்து. கட்டிய ஈரம் முழுதும் உலராத ஊர், இலண்டன் வீட்டுக் கூடத்தில் தொங்கியபோது தலைமுறைகள் கண்ட ஊராகத் தோன்றியிருக்கும்.

அத்தேவாலயத்தின் உத்திரங்களுக்கான மரம் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்து லால்பாக் அரண்மனையிலிருந்து கழற்றி மலையேற்றப்பட்டது. திப்பு வீழ்ந்தது 1799இல். தோற்றவனுடைய மாளிகையின் மரம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வென்றவர்களின் ஆலயக் கூரையைத் தாங்கியது. வெளியே நின்று வரையும் ஓவியனுக்கு இது புலப்படாது. சுமந்தவர்களின் தோளும் புலப்படாது.

நம் துறைக்கு இத்தகைய படம் ஒன்றின் மறுபதிப்பு அன்பளிப்பாக வந்தது. சுவரில் மாட்டிய அன்றே, படகர் ஊரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, எங்க ஹட்டி இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள். குன்றுகளை விரலால் தொட்டுத் தொட்டுத் தேடினோம். இல்லை. எருமைகளோடு தொதவர் இருவர் மட்டும் முன்பக்கத்தில் நின்றிருந்தனர்.

தொல்காப்பியம் பயிற்றுவிக்கும் நமக்கு அவ்விருவரைப் பார்க்கையில் திணைக்கோட்பாடே நினைவுக்கு வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் மாவும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். அந்தப் படத்தில் முதல் உண்டு, கரு உண்டு. தொதவர் அங்கே மரங்களைப் போல நிலத்தின் அடையாளமாக நிற்கிறார்கள். யாருக்காகக் காத்திருக்கிறார்கள், எதை இழந்தார்கள் என்பதற்கு இடமில்லை. உரிப்பொருள் துரைக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. இந்த மலையில் நலம்பெற வந்தவர், ஊரை நினைத்து ஏங்குபவர் அவரே.

இருப்பினும் இப்படங்களை ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. நாம் இழந்த சில அவற்றில்தாம் எஞ்சியுள்ளன. தேயிலைத் தோட்டங்கள் பெருகியது 1850களுக்குப் பின்னரே. அதற்கு முந்தைய படங்களில் குன்றுகள் புல்லும் மடிப்புகளில் சோலையுமாகக் கிடக்கின்றன. சல்லிவன் முயற்சியால் 1820களில் உருவான ஏரி, இன்றைய பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் அமைந்த நிலம்வரை நீண்டிருந்தது. சோலையை மீட்க உழைப்போர்க்கு இவை சான்றாவணங்கள்.

கல் பங்களா இன்று அரசு கலைக்கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அதைக் கட்டியவரின் பெயர் பாடநூலில் உண்டு. கல் சுமந்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் 'ஊட்டகமண்ட்' என்று வெள்ளையர் எழுதிவைத்த பெயரின் ஈற்றில் தொதவரின் 'மந்து' அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓவியன் விட்டதை ஊர்ப்பெயர் காத்திருக்கிறது.

அந்தப் படம் நம் துறையில் இன்றும் தொங்குகிறது. அதன் கீழே ஒரு வெள்ளைத்தாளை மாணவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வோராண்டும் புதிதாகச் சேர்பவர்கள் தத்தம் ஹட்டி, மந்து, தோட்டத்து லயம் ஆகியவற்றின் பெயரை அதில் எழுதுகிறார்கள். தாள் நிறைந்து, இப்போது இரண்டாம் தாள் ஒட்டியாயிற்று.