மழைமணிக்கு நேரடிக் கரண்ட் வேண்டாம்



தரம் 11 பிள்ளைகள் சிலர் மழை அபாயமணி ஒன்று செய்வது பெற்றோருக்குத் தெரியும். அதற்கு வீட்டுக் கரண்டை எடுக்க அவர்கள் வரைந்த படத்தை நான் ஏற்கவில்லை. "சேர் வேண்டாமாம்" என்று மட்டும் வீட்டில் சொல்லியிருப்பார்கள். காரணத்தை எழுதுகிறேன்.

நேரான சுவருள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேல்பகுதியை வெட்டி வெளியே வைத்தால், 75 மி.மீ. மழைக்கு 75 மி.மீ. தண்ணீர் நிற்கும். அந்த உயரத்தில் இரண்டு கம்பிமுனைகள். தண்ணீர் தொட்டதும் டிரான்சிஸ்டர் வேலை செய்து ரிலேயை இழுக்கும், மணி அடிக்கும். (மழைத்தண்ணீர் மின்னை நன்றாகக் கடத்தாது. தினமும் போத்தலைக் கொட்டிவிட்டு அடியில் ஒரு சிட்டிகை உப்புப் போடவேண்டும்.) 24 மணித்தியாலத்தில் 75 என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு. இவை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மண் லயங்களை மூடியபோது இந்தப் பிள்ளைகள் முன்பள்ளி வயது. இருந்தும் இதைத்தான் செய்யவேண்டுமென்று அவர்களே கேட்டார்கள்.

அவர்களுடைய படத்தில் டிரான்ஸ்போமர் இல்லை. பதிலாக 0.33 மைக்ரோபரட் கொள்ளளவி. 50 ஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 9,600 ஓமாக நிற்கும், 230 வோல்ட்டில் 24 மில்லியம்பியர் விடும். நான்கு டயோட் தாண்டி 20 அளவு கிடைக்கும். 24 வோல்ட் ரிலேக்கு 15 போதும், மீதியை சீனர் டயோட் தாங்கிக்கொள்ளும். கணக்கில் பிழையே இல்லை. மலிவான எல்ஈடி பல்புகள் பலவற்றின் உள்ளேயும் இதே வேலைதான் நடக்கிறது.

ஆனால் பல்பிலிருந்து வெளியே கம்பி வராது. நம் மணியிலிருந்து இரண்டு கம்பி மழைக்குள் போகிறது. கொள்ளளவி கரண்டைக் குறைக்கும், டிரான்ஸ்போமர் போல லைனிலிருந்து பிரிக்காது. மீற்றரை இரண்டு கம்பிக்கும் நடுவே வைத்தால் 24 வோல்ட்தான் காட்டும், பார்க்க சாதுவாக இருக்கும். பழைய வயரிங்கில் பேஸும் நியூற்றலும் மாறியிருந்தாலோ, இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினாலோ, போத்தல் தண்ணீருக்கும் நிலத்துக்கும் நடுவே முழு 230 வோல்ட். அந்தப் போத்தலைக் காலையில் கொட்டப்போவது ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்கிற ஒரு பிள்ளை.

பழைய போன் சார்ஜர் போடலாமே என்று ஒருவன் கேட்டான். நல்ல யோசனை. ஒழுங்கான சார்ஜருக்குள் சின்ன டிரான்ஸ்போமர் ஒன்று லைனைப் பிரித்து வைத்திருக்கும். ஆனால் பெருமழை பிடித்தால் முதலில் போவதே கரண்ட்தானே, இது நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்? மணி தேவைப்படும் இரவில் சார்ஜர் செத்துக் கிடக்கும்.

ஆகவே பென்டோர்ச் பெற்றரி நான்கு, 6 வோல்ட், 5 வோல்ட் ரிலே. தண்ணீர் தொடும்வரை ரிலே கரண்ட் எடுக்காது, மாதக்கணக்கில் காத்திருக்கும். மாதம் ஒருமுறை கம்பிமுனைகளைத் தண்ணீரில் வைத்து மணியைச் சோதித்தால் சரி. கொள்ளளவிக் கணக்கைக் கரும்பலகையில் அழிக்காமல் வைத்திருக்கிறேன், பரீட்சைக்கு உதவும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. இரவு 2 மணிக்கு இந்த மணி அடித்தால் லயத்திலிருந்து எங்கே போவது, அந்த இடத்தின் சாவி யாரிடம்? தோட்டத்துப் பெரியவர்கள் பேசி முடிவெடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைப் போத்தல் பக்கத்துப் பலகையில் எழுதக் காத்திருக்கிறார்கள்.