அஞ்சடி வரைக்கும்

ஆப்பிளின் விஷன் புரோ எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இந்த மாதிரிக் கருவிகளைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் பெரும்பாலும் முதல் வாரத்தில் எழுதப்பட்டவை. பெட்டியைத் திறந்தேன், மாட்டினேன், டைனோசர் வந்தது, வாயைப் பிளந்தேன் என்ற வகை. இரண்டாம் வருடத்தில் அது வீட்டில் எங்கே இருக்கிறது, யார் எடுக்கிறார்கள், எதற்கு எடுக்கிறார்கள் என்பதைப் பற்றி அதிகம் வாசித்ததில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எப்படியும் கேட்பீர்கள். 2024 பிப்ரவரி 2ஆம் தேதி அமெரிக்காவில் இது 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ஜூன் 28ஆம் தேதி சிங்கப்பூரில் 5,299 சிங்கப்பூர் வெள்ளி. மலேசியாவில் அப்போது விற்கவில்லை. கார் மாற்றுவதற்காகச் சேர்த்திருந்த பணத்தோடு சிங்கப்பூருக்கு பஸ் ஏறினேன். நம் காசுக்கு 18,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அந்த வருடம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,500 ரிங்கிட். அதாவது ஓர் ஆளின் ஒரு வருட உழைப்பு.

அம்மாவிடம் விலையை மறைக்கவில்லை. அவர் பத்தாங் காலிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 20 வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று 2013இல் முதன்முதலாக, 900 ரிங்கிட் என்று நடைமுறைக்கு வந்தபோது, அவர் கத்தியைக் கீழே வைத்து ரொம்ப காலம் ஆகியிருந்தது. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண் போனது கண்ணாடி மேல் இல்லை, அதிலிருந்து தொங்கிய ஒயர் மேல்.

"பேட்டரி இடுப்புலயா?"

"பாக்கெட்ல போட்டுக்கலாம்மா."

"எங்க தலைவெளக்கும் இப்படித்தான். வெளக்கு நெத்தியில, பேட்டரி இடுப்புல, நடுவுல ஒயரு. இருட்டுல மரம் வெட்டப் போறப்ப ஒயரு கெளையில மாட்டும். பாத்து நட பாப்பா."

இதைவிடச் சரியான பயன்பாட்டுக் குறிப்பு அந்தப் பெட்டிக்குள் இல்லை. கண்ணாடி மட்டும் 600இலிருந்து 650 கிராம். பேட்டரி தனியாக 353 கிராம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரும். நெற்றியில் பாரம் சுமந்து வேலை செய்வது எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை.

முதல் மாதம் தாமானே எங்கள் வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எதிர்வீட்டு மாக்சிக், ரவாங்கிலிருந்து அண்ணன் குடும்பம். நிலாவில் நின்றார்கள், யோசெமிட்டி பனியைப் பார்த்தார்கள், கையை நீட்டிக் காற்றைத் தடவினார்கள். மூன்றாம் மாதம் யாரும் கேட்கவில்லை. இந்த வகைக் கருவிகள் அலமாரிக்குப் போவது வழக்கமாக அந்தக் கட்டத்தில்தான். என்னுடையது தப்பித்ததற்குக் காரணம் என் வேலை. கட்டடங்களுக்கு முப்பரிமாண மாதிரி வரைவது என் பிழைப்பு. வாரத்தில் இரண்டு நாள் பத்தாங் காலி ஸ்டேஷனில் கம்யூட்டர் ஏறி கோலாலம்பூர் போவேன், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. என் அறையில் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கட்டிலில் இடிக்கும். கண்ணாடியை மாட்டினால் மேசைக்கு மேலே சுவரையும் தாண்டி ஒரு திரை விரியும். 2024 டிசம்பரில் வந்த மென்பொருளோடு அந்தத் திரை இன்னும் அகலமாகி என்னைச் சுற்றி வளைந்தது. இரண்டு வருடமாகச் சோறு போட்டது இந்தப் பயன்தான். சொல்வதற்கு இதில் பெரிய கதை ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது, அதை மாட்டிக்கொண்டு இன்னொரு மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றி.

இது கண்ணாடி என்று பெயர்தான், உள்ளே இருந்து வெளியே பார்க்க வழியில்லை. வெளியே இருப்பதைக் கேமராக்கள் படம் பிடிக்கின்றன. ஆர்1 என்ற சில்லு அதை 12 மில்லி வினாடிக்குள் கண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டு சின்னத் திரைகளுக்கு அனுப்புகிறது. அறை தெரிகிறது, கதவு தெரிகிறது, மைலோ கொண்டுவரும் அம்மா தெரிகிறார். எல்லாமே படம். வேலையில் மூழ்கியிருக்கும்போது யாராவது பக்கத்தில் வந்தால், திரையைக் கிழித்துக்கொண்டு அவர் உருவம் புகைபோல மெல்ல எழும். இதை அம்மாவிடம் விளக்கினேன்.

"அப்ப நான் பேயாட்டம் வர்றேன்."

அவர் பக்கம் இன்னொன்று நடக்கிறது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு திரை உண்டு. நான் அவரைப் பார்க்கும்போது அதில் என் கண்கள் தெரியும். அவை நான் முதல்நாள் பதிவு செய்த முகத்திலிருந்து மென்பொருள் வரைகிற கண்கள். அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "கண்ணு தெரியுது. ஒங் கண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டு மக்கை மேசையில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. பேசுவதென்றால் கழற்ற வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. அவர் கதவருகே வந்து நிற்பார், நான் கழற்றுவேன், பிறகுதான் வாயைத் திறப்பார்.

படம் பார்க்க மட்டும் இதை அதிகம் எடுக்கவில்லை. இதில் தெரியும் படம் எந்த டிவியிலும் வராது, உண்மைதான். ஆனால் ஒருவர்தான் பார்க்க முடியும். அம்மா ஹாலில் நாடகம் பார்க்கும்போது பாதி நேரம் என்னிடம்தான் பேசுவார். வில்லியைத் திட்டுவதற்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணையை 18,000 ரிங்கிட் கொடுத்து இழக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கருவியை அம்மா தானாகக் கேட்டு வாங்கியது ஒரே ஒரு படத்துக்காக. எங்களிடம் தோட்டத்து வீட்டின் புகைப்படம் ஒன்றுதான் இருக்கிறது. லயத்து வாசலில் அப்பா நிற்கிறார், பக்கத்தில் நாலு வயது அண்ணன். பின்னால் பாதிக் கதவு, கொஞ்சம் அஞ்சடி, மூலையில் ஒரு வாளி. தட்டையான பழைய படங்களுக்கு ஆழம் கொடுக்கும் வசதி 2024 செப்டம்பரில் வந்தது. அடுத்த வருடம் இன்னும் ஒரு படி போனார்கள். தலையைச் சாய்த்தால் படத்தில் இருப்பவரின் பின்னால் இருப்பதும் கொஞ்சம் தெரியும். புகைப்படத்தில் பதிவாகாத அந்தப் பகுதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது.

வேறொருவர் மாட்டுவதற்கு முன்னால் இது அவருடைய கண்ணையும் கையையும் அளந்துகொள்ளும். வந்த விருந்தாளியின் அளவை 30 நாள் வரை வைத்திருந்து, பிறகு மறந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தொட்டால் 'சரி' என்று அர்த்தம். அம்மா அதை ஒரே தடவையில் செய்தார். வெட்டுவதற்கு முன்னால், முதல்நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுப்பது அந்த இரண்டு விரலால்தான். தினமும் நூற்றுக்கணக்கான மரத்தில் செய்த வேலை.

படம் விரிந்தது. அம்மா பேசவில்லை. பிறகு மெல்ல இடதுபக்கம் சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார். நாற்காலியிலிருந்து விழாமல் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா பாக்குறீங்க?"

"குழாயத் தேடுறேன். அந்த மூலையத் திரும்பினா குழாயடி. காட்ட மாட்டேங்குது."

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "அவரு நல்லாத்தான் நிக்கிறாரு. முதுகுதான் வேற யாரோடதோ மாதிரி இருக்கு." கழற்றிக் கொடுத்துவிட்டு, அன்று மாலை முழுவதும் படத்தில் இல்லாதவற்றைப் பற்றியே பேசினார். குழாயடி, ஆயாக்கொட்டகை, பெரட்டுக்களம், மாரியம்மன் கோயிலுக்குப் போகும் மண்பாதை, எத்தனையாவது கதவு யாருடையது என்று. நான் போனில் பதிவு செய்தேன். அவருடைய 20 வருடத்தை என்னிடம் இவ்வளவு வரிசையாக அவர் சொன்னது அதுதான் முதல்முறை. படம் முழுமையாக இருந்திருந்தால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த லயம் இன்று இல்லை. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த பிறகு, இந்தப் பக்கத்து ரப்பர் நிலத்தின் விலையே மாறிப்போனது. சில இடங்கள் செம்பனை ஆயின, சில தாமான் ஆயின. கோல சிலாங்கூர் பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் 20 வருடத்துக்கு மேலாக வீடு கேட்டுப் போராடிய கதை இந்தப் பத்திரிகையை வாசிக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும். பத்தாங் காலி என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். 1948 டிசம்பர் 12 வரும். பிரிட்டிஷ் படையினர் ஆயுதம் இல்லாத 24 தோட்டத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்று குடியிருப்பைக் கொளுத்திய நாள். 2022 டிசம்பர் 16 வரும். முகாம் நிலத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்த நாள். இரண்டையும் மறக்கக் கூடாது. ஆனால் விடியற்காலை நெற்றி விளக்கோடு வரிசையாக நடந்துபோன பெண்கள் அந்தத் தேடலில் எங்கும் வருவதில்லை.

நான் கட்டடம் வரைகிறவள். அந்த லயத்தை வரைய முடியும் என்று அன்று இரவு தோன்றியது. ஆறு மாதமாக வேலை முடிந்த பிறகு வரைகிறேன். அளவுகள் எல்லாம் அம்மாவுடையவை, முழக்கணக்கு. அவருடைய ஒரு முழத்தை டேப் வைத்து அளந்து சென்டிமீட்டராக மாற்றிக்கொண்டேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். அம்மா உறுதியாகச் சொன்னதை மட்டும் நிறத்தோடு வரைவது. "இருக்கும்னு நெனைக்கிறேன்" என்றதைச் சாம்பல் நிறத்தில் விடுவது.

அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "பாதி வீடு சிமெண்ட் பூசாத மாதிரி கெடக்கு. மரம் வை, கோழி விடு, அழகா பண்ணு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பாவயும் வைக்கலாம்ல? இப்பதான் ஒரு போட்டோ குடுத்தா நடக்க வைக்குதே" என்றார்.

முடியும். எப்படிச் செய்வது என்றும் எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அப்பா இறந்தபோது அண்ணனுக்கு 14 வயது. அவர் கேட்டது வேடிக்கைக்காக இல்லை. அம்மாவிடமே கேட்டுவிட்டோம். அவர் மாதிரியின் வாசலில் விழும் வெயிலைப் பார்த்துவிட்டு, "இது பத்து மணி வெயிலு. இந்நேரத்துக்கு அவரு வீட்ல இருக்க மாட்டாரு. வெளிக்காட்டுல இருப்பாரு" என்றார். அண்ணன் அப்புறம் கேட்கவில்லை. சாயங்கால வெயிலாக மாற்ற எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் மாற்றவில்லை.

போன மாதம் அம்மாவை மாதிரிக்குள் நிற்க வைத்தேன். 30 நாள் தாண்டியிருந்ததால் கருவி அவரை மறந்திருந்தது, மறுபடி அளந்துகொண்டது. இப்படி முழுதாக மூழ்கிய காட்சியில் நின்ற இடத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்தால் காட்சி மங்கி நிஜ அறை தெரியத் தொடங்கும், சுவரில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய ஐந்தடி. அம்மாவால் அஞ்சடியில் நிற்க முடிந்தது. வாசல்படியைத் தாண்டினால் வீடு கரைந்து எங்கள் ஹால் வந்தது. இரண்டு தடவை முயன்றார். "சரி, உள்ள என்ன இருக்கப்போவுது" என்று திரும்பி நின்றார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டினார். அந்தக் காட்சிக்குள் நம் கைகள் மட்டும் நிஜமாகவே தெரியும். முழங்கையைத் தூணில் வைத்து, விரல்நுனி வரை ஒரு முழம், அடுத்து ஒரு முழம் என்று அஞ்சடியை அளந்துகொண்டே போனார். காற்றைத்தான் அளக்கிறார், ஆனால் கணக்கு சரியாக வந்தது.

"அரை முழம் அதிகமா வச்சிருக்க. இவ்ளோ எடம் இருந்திருந்தா மழையில துணி நனைஞ்சிருக்காது."

அன்றிரவே திருத்தினேன்.

2025 அக்டோபரில் எம்5 சில்லோடு புதிய விஷன் புரோ வந்தது. அமெரிக்காவில் அதே 3,499 டாலர். வாங்கப் போகிறாயா என்று ஆபீசில் கேட்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. எனக்கு வேண்டிய தெளிவு எந்தச் சில்லிலும் வராது, அது பெஸ்தாரி ஜெயாவிலிருந்து அடுத்த வாரம் பஸ்ஸில் வருகிறது. அம்மாவோடு ஒரே லயத்தில் இருந்த அத்தை. குழாயடி இடதுபக்க மூலையில் என்கிறார் அம்மா. இல்லை, வேப்பமரத்துப் பக்கம் என்று போனிலேயே சண்டை போடுகிறார் அத்தை. அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை இரண்டு மூலையும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.