மூட்டையின் எடை

கதையோ நாவலோ திரைப்படமாகும்போதெல்லாம் இலக்கிய வாசகர்களாகிய நாம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மூலத்துக்கு நியாயம் செய்திருக்கிறார்களா? போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு, மேற்கே நிற்கும் மலையை அன்றாடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு படம் பார்க்கிற நமக்கு இந்தக் கேள்வி மட்டும் போதவில்லை. இந்த மலையில் எடுக்கப்பட்ட படங்களையும், இந்தப் பக்கத்து எழுத்திலிருந்து உருவான படங்களையும் திரையரங்கில் கொஞ்சமும், வீட்டுத் தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு நடுவே நிறையவும் பார்த்திருக்கிறோம். அவற்றைப் பற்றிய சில அபிப்பிராயங்களே இவை. விமரிசனம் என்று பெயரிடும் துணிவு நமக்கில்லை.

பிரபு சாலமனின் 'மைனா' (2010) குரங்கணிப் பக்கத்து மலைகளில் படமானது. தீபாவளி நேரத்தில் தப்பிவிட்ட கைதி, அவனைத் தேடி வீட்டையும் பண்டிகையையும் விட்டு மலையேறும் காவலர்கள் என்று விறுவிறுப்பான கதை. தம்பி ராமையாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் எத்தனை முறை பார்த்தாலும், அந்த மலையில் மனிதர்கள் என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்பது மனதில் நிற்பதில்லை. பனி நிற்கிறது, பச்சை நிற்கிறது, பாட்டு நிற்கிறது. மலை அங்கே காதலுக்குப் பின்னால் விரித்த படுதா.

செய்தித் தொலைக்காட்சிகளின் மலை வேறு வகை. எரிந்தால் வரும், சரிந்தால் வரும். 2018 மார்ச் 11 அன்று அதே குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்கணக்கில் நம் ஊர் நேரலையில் இருந்தது. போர்வையிலும் தோளிலுமாகக் காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். அந்தச் சரிவில் சுமையோடு கால் வைக்க எப்படிப் பழகினார்கள் என்று ஒரு நிருபராவது கேட்பார் என்று காத்திருந்தோம். நாம் பார்த்தவரை யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இடுக்கியின் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருக்களில் ஓடியபோது மறுபடியும் நேரலை. யானை போனதும் ஒளிபரப்பு வண்டிகளும் போயின.

தொடர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தெருவில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்று உண்டு. பகலெல்லாம் குனிந்து காயைத் தரம் பிரித்துவிட்டு வரும் பெண்கள் இரவில் உட்கார்ந்து பார்த்த தொடர்களில் 'மெட்டி ஒலி'யை மட்டும் இன்றும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். 2002 முதல் 2005 வரை வந்த அந்தத் தொடருக்கு வசனம் எழுதிய பாஸ்கர் சக்தி, தேனிப் பக்கத்து வடபுதுப்பட்டிக்காரர். ஐந்து பெண்களைக் கரையேற்றும் தகப்பனின் கவலையில் இவர்கள் தங்கள் வீட்டைக் கண்டார்கள். பின்னர் வந்த தொடர்களில் மாளிகையும் பட்டுப்புடவையும் பெருகிவிட்டன. யாரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை. "இவளுக கஞ்சிக்கு என்னதான் செய்வாளுக?" என்று ஓர் அக்கா கேட்டார். சின்னத்திரை பற்றி நாம் கேட்ட சிறந்த விமரிசனம் அது.

பாஸ்கர் சக்தியின் கதைதான் சுசீந்திரன் இயக்கத்தில் 'அழகர்சாமியின் குதிரை' (2011) ஆனது. கோயில் வாகனமான மரக்குதிரை காணாமல் போகிறது. எங்கிருந்தோ வந்த உயிருள்ள குதிரையைச் சாமி அனுப்பியதாக நம்பி ஊர் கட்டிப்போடுகிறது. அதைத் தேடி மலையிலிருந்து இறங்கி வருகிறான் அழகர்சாமி. குதிரை இருந்தால்தான் பொதி சுமக்கலாம். பொதி சுமந்தால்தான் அவனுக்குக் கல்யாணம். ஊருக்குத் தெய்வமாகத் தெரிவது அவனுக்குப் பிழைப்பு. கதாசிரியரே வசனம் எழுதியதால் பேச்சு வழக்கு கெடவில்லை. அப்புக்குட்டி அந்தக் குதிரையைப் பிடித்து நடக்கும் விதத்தில் அது சோறு போடும் பிராணி என்பது தெரிகிறது. ஊர்த் தகராறு நகைச்சுவைகள் சற்று நீண்டுவிட்டன என்பதைத் தவிர நமக்குக் குறையில்லை.

பாலாவின் 'பரதேசி' (2013) ஏலத்தைப் பற்றியதல்ல, தேயிலையைப் பற்றியது. தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்து, அதைத் தழுவி எழுந்த படம். கங்காணியின் சொல்லை நம்பி ஊரே நடந்து போகும் காட்சி நம்மை உலுக்கியது. ஆனால் நாவலில் தொழிலாளர்களின் நோயறிந்து அவர்கள் பக்கம் நிற்கும் மருத்துவர், படத்தில் மதம் மாற்ற வந்து ஆடிப்பாடும் ஆளாகிவிடுகிறார். தழுவலில் மாற்றங்கள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் அந்தத் துயரத்தைக் கண்டு எழுதி வைத்தவர் ஒரு மருத்துவர். படம் கேலிக்கு எடுத்துக்கொண்டதும் மருத்துவரைத்தான். சாட்சியையே கோமாளியாக்கினால் சாட்சியம் என்னவாகும்?

இத்தனையும் பார்த்த பிறகே லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் (2018) பற்றிப் பேச விரும்புகிறோம். இதற்கு மூலநூல் கிடையாது. ஏலக்காய் மூட்டைகளைத் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்கும் நிலமற்ற கூலி ரங்கசாமி. கையகல நிலம் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ஆண்டனி நடித்திருக்கிறார். இந்தப் பக்கத்து மனிதர்கள் பலர் தாங்களாகவே வந்து போகிறார்கள். தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவு மலையை அழகாகக் காட்டுகிறது. ஆனால் அந்த அழகுக்குள் எப்போதும் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறான். இளையராஜாவின் இசையும் பல இடங்களில் ஒதுங்கி நின்று காற்றுக்கு வழிவிடுகிறது.

இதை இரண்டாம் முறை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரும் உடனிருந்தார். இளமையில் தேவாரம் பக்கத்து மலைப்பாதையில் சுமை இறக்கியவர். அரைமணி நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "தம்பி, முழங்காலப் பாருங்க. மடக்கி, பக்கவாட்டுல கால் வச்சு எறங்குறான். மேல சொம இல்லாதவன் இப்பிடி எறங்க மாட்டான்" என்றார். ரங்கசாமி சேர்த்த காசுக்கு வாங்கிய மூட்டை சரிவில் உருண்டு காயெல்லாம் சிதறும் காட்சி வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் நாம் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "எனக்கு ஒண்ணு உருண்டிருக்கு. அந்தச் சீசன் கூலி பூராம் அதுக்கே போச்சு. தோட்டத்துல எழுதிக்கிட்டாங்க. எம்பிள்ளைகளுக்குக்கூட இதச் சொன்னதில்ல."

படத்தின் பிற்பகுதி பற்றி நமக்கு மனக்குறை உண்டு. சங்க அரசியல், துரோகம், கொலை, சிறை என்று எல்லாம் அவசரமாக நடந்து முடிகின்றன. முன்பாதியில் ஒரு நாளை அத்தனை நிதானமாகக் காட்டியவர் பின்பாதியில் ஆண்டுகளை விழுங்கிவிடுகிறார். ஆயினும் தன் கையைவிட்டுப் போன நிலத்தில் காற்றாலைகளுக்குக் காவலாளியாக அவன் உட்கார்ந்திருக்க, கேமரா மேலே மேலே போகும் கடைசிக் காட்சியில் அந்தக் குறைகளை மறந்துவிடுகிறோம். கோம்பை, தேவாரம் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் அந்தக் காற்றாலைகளைக் காணாமல் போக முடியாது.

ஆகவே நம் கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. புத்தகத்துக்கு நியாயம் செய்தார்களா என்பதோடு, வேலைக்கு நியாயம் செய்தார்களா என்றும் கேட்போம். அந்த அளவுகோலில் புத்தகமே இல்லாத படம் முதலிடம் பெறுகிறது. நாவலிலிருந்து வந்த படம் பாதியில் தடுமாறுகிறது. சிறுகதையிலிருந்து வந்தது குதிரையைச் சரியாகப் பிடித்து நடத்துகிறது.

எடுக்கப்பட வேண்டிய படங்கள் இன்னும் இருக்கின்றன. சுமைப்பாதைகளில் நடமாட்டம் குறைந்து, விடியுமுன்பே பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. மாலையில் அவர்கள் திரும்பி வந்து சேரும்வரை வீட்டிலிருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. போடியின் ஏல மையத்தில் வாரியம் நடத்தும் மின்னணு ஏலத்திலும் ஒரு திரை உண்டு. குவியலின் எண், எடை, கிலோவுக்கு விலை என்று அதில் எல்லாம் தெரியும். காயை எடுத்தது யார், இறக்கியது யார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அது வியாபாரிகளின் திரை, இருக்கவும் வேண்டியதில்லை. சினிமாக்காரர்களின் திரையில்தான் அதற்கு இடம் கேட்கிறோம்.