மூன்று கறவை பார்த்து வாங்கிய கார்

இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்ன மருந்து, மானியத்துக்கு எந்தப் படிவம் என்று கேட்டு வருகிறவர்கள், இப்போது கிளம்பும் நேரத்தில் இன்னொன்றையும் கேட்கிறார்கள். "சார், மூணு லட்சத்துக்குள்ள பழைய கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். டவுனுக்குப் போக வர எது தோதா இருக்கும்?" நான் படித்த வேளாண்மைப் பட்டப்படிப்பில் பண்ணை இயந்திரங்கள் பற்றி ஒரு பாடம் உண்டு. அதில் டிராக்டர் கிளட்ச் வரை வந்திருக்கிறோம், அதோடு சரி. ஆனாலும் எட்டு வருடமாக பழைய கார் ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றுகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். போன வருடம் என் அக்கா வீட்டுக்கு ஒரு கார் தேடி அலைந்தேன். அந்தக் கதையையே பதிலாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா குடும்பம் செக்கானூரணிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இருக்கிறது. மச்சானுக்கு சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு இரண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டும். முடிந்து எழுந்தால் தலை சுற்றும், கெண்டைக்காலில் இழுக்கும். அந்த நிலையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தோடு முண்டியடித்து ஏற முடியாது. அதனால் வாடகைக் கார்தான். போக வர, காத்திருப்புக் கூலியும் சேர்த்து 1,500 ரூபாய். வருடத்துக்கு 104 நடை. 1,56,000 ரூபாய்! ஒன்றரை ஏக்கர் மல்லிகையும் கொஞ்சம் காய்கறியும் வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவமனை நாட்களில் பால் கறக்க வீட்டில் ஆள் இல்லை என்று அக்கா இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டார். அந்தப் பணமும் சீட்டுப் பணமும் சேர்த்து மூன்று லட்சம் கையில் இருந்தது. அது போனால் திரும்பச் சேராத பணம்.

நானும் மருமகனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போக வர 50 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்தால் ஒரு நடைக்கு 340 ரூபாய் ஆகும். வருடத்துக்கு சுமார் 35,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் தேய்மானம் என்று தாராளமாக இன்னொரு 35,000. மொத்தம் 70,000. வாடகையோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 86,000 ரூபாய் மிச்சம். இரண்டரை லட்சத்து கார் மூன்று வருடத்தில் தன் விலையை எடுத்துவிடும். மாதம் ஒரு தடவை மட்டும் டவுனுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நிற்காது. அவர்கள் வாடகைக் காரிலேயே போகலாம். கார் வாங்கும் முன் இந்த ஒரு பக்கக் கணக்கை எழுதிப் பார்க்காமல் புரோக்கருக்கு போன் போடாதீர்கள்.

மச்சான் மனதில் வேறு ஒன்று இருந்தது. பதினொரு வருடப் பழைய, ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். மூன்றரை லட்சம். "மாப்ளே, ஊருக்குள்ள வந்து நின்னா ஒரு இது இருக்கும்ல?" என்றார். நோயில் கிடக்கிற மனுஷன், கொஞ்ச காலமாக எல்லோரிடமும் கையேந்தி நிற்பதாக நினைத்துக் குறுகிப் போயிருந்தார். அந்த 'ஒரு இது' அவருக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். அதனால் எதிர்த்துப் பேசவில்லை. "வாங்க மச்சான், ஏறிப் பார்ப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

ஏற முடியவில்லை. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, அழுத்தம் கொடுக்கக்கூடாது. உயரமான வண்டியில் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டும். இரண்டு தடவை முயன்றார், பேசாமல் இறங்கி நின்றுகொண்டார். பிறகு தெரிந்தவர் ஒருவரின் ஆல்டோவில் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்துவிட்டார், ஆனால் எழுந்திருக்கத் திணறினார். இருக்கை தாழ்வு. வேகன்ஆரில் கதவைத் திறந்ததும் இருக்கை இடுப்பு உயரத்துக்கு இருந்தது. பின்பக்கமாக உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார். எந்தக் கார் என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. பழைய சான்ட்ரோவும் இதே மாதிரி உயரக் கூரை வண்டிதான். ஆனால் முதல் சான்ட்ரோ 2014-லேயே நின்றுவிட்டதால், கிடைப்பவை வயதானவை. 2018-ல் மறுபடி வந்த சான்ட்ரோ எங்கள் பணத்துக்குள் அடங்கவில்லை.

டீசல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டீசல் காரின் லாபம் நீண்ட ஓட்டத்தில்தான். மாதம் 400, 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எரிபொருளில் மிஞ்சுவது சிறு தொகை. இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு ரிப்பேர் வந்தால் அது மொத்தமும் போய்விடும். 2020-க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, கார் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். காளவாசலில் இருந்து கோரிப்பாளையம் வரை முதல் கியரிலேயே ஊர்ந்தால் அது எப்படி நடக்கும்? தானியங்கி கியர் கார் நெரிசலுக்குச் சுகம்தான். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் கைவரவில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

இனி தேடிய கதை. முதலில் ஒரு கமிஷன் வியாபாரி 2014 வேகன்ஆர் ஒன்றைக் காட்டினார். சென்னைப் பதிவு எண், புது பெயின்ட் பளபளப்பு. மற்றவர்கள் சொன்னதைவிட நாற்பதாயிரம் குறைவு. மருமகனுக்குப் பிடித்துவிட்டது. அக்கா பின் இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார், உடனே இறங்கிவிட்டார். "தம்பி, மழைத்தண்ணி தேங்கிக் காஞ்ச தொழுவத்து வாடை அடிக்குதுடா." நாற்பது வருடம் மாட்டோடு கழித்த மூக்கு அது.

மெக்கானிக் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டினார். மேலே சுத்தம், அடியில் செம்மண் நிறத்தில் கோடு. தரை விரிப்பைத் தூக்கினால் ஈரக் கறை, இருக்கைத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழிக்குள் வண்டல். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார் தண்ணீரில் நின்றது என்று டிவியில் பார்த்தோமே! அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் அப்படித்தான். இது எந்தத் தண்ணீரில் நின்றதோ தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய கார் உடனே பழுதாகாது. ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் படுக்கும். அதுவும் நடுரோட்டில்.

அதே வியாபாரி 'டெல்லி வண்டி' ஒன்றும் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் இருந்த கெடுபிடியால் மலிவாக வெளியே தள்ளினார்கள். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.-வின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி எல்லாம் நம் தலையில். மலிவு அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டாவது கார் நல்ல கார். வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தபோது நிதி நிறுவனத்தின் கடன் பதிவு அப்படியே இருந்தது. "கடன் அடைச்சாச்சு சார், பேப்பர் பின்னாடி வந்துரும்" என்றார் விற்பவர். கடன் அடைந்திருந்தால் நிதி நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் கொடுத்து ஆர்.சி.-யில் இருந்து நீக்கிக்கொண்டு வரலாமே, காத்திருக்கிறோம் என்றோம். அவர் வரவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தது நாகமலை புதுக்கோட்டையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2015 பெட்ரோல் வேகன்ஆர். முதல் உரிமையாளர் அவரே. 58,000 கிலோமீட்டர். மீட்டரைத் திருத்திவிட முடியும் என்பதால் மீட்டரை மட்டும் நம்ப முடியாது. பெடல் ரப்பரின் தேய்மானமும் சர்வீஸ் ரசீதுகளில் எழுதியிருந்த கிலோமீட்டரும் ஒத்துப்போயின.

கறவை மாடு வாங்குகிறவர் ஒரு கறவை பார்த்து வாங்குவதில்லை. மடி பெரிதாகத் தெரிய வேண்டும் என்று முதல் வேளை கறக்காமல் சந்தைக்கு ஓட்டி வருகிறவர் உண்டு. அதனால் தொடர்ந்து மூன்று கறவை பார்ப்போம். கார் விற்கிறவரும் நாம் போகும் முன்பே இன்ஜினைச் சூடேற்றி வைத்திருக்கலாம். "மாட்டுக்குப் பாக்குற மாதிரியே பாருங்கடா" என்று அக்கா சொல்லிவிட்டார். அப்படியே செய்தோம்.

முதல் கறவை விடியற்காலை ஆறு மணி. பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பிடித்துக்கொண்டது. பின்னால் நீலப்புகை இல்லை. நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலக்கிறது. இல்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் போட்டு கிளட்ச்சை விட்டால் இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நகரத்தில் ஓடிய காருக்கு முதலில் போவது கிளட்ச்தான். இது அணைந்தது. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி வட்டமடித்தபோது 'டக் டக்' சத்தம் இல்லை.

இரண்டாவது கறவை பத்தரை மணிக்கு. ஏ.சி. போட்டு, நான்கு பேர் ஏறி, காளவாசல், சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று நெரிசலில் முக்கால் மணி நேரம். நாற்சக்கர வழிச்சாலையில் எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும். நின்று நின்று போகும்போதுதான் ரேடியேட்டர் விசிறியும் ஏ.சி.-யும் தங்கள் குணத்தைக் காட்டும். சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி லேசாகக் குறைந்தது. மெக்கானிக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை மூன்றாவது கறவை. மறுபடியும் குளிர்ந்த இன்ஜின். நிறுத்தி வைத்திருந்த இடத்தில் தரையில் ஆயில் சொட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தோம். மெக்கானிக்குக் கூலி ஆயிரம் ரூபாய். இந்த ஆயிரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

டயர்களில் பட்டன் நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் தேதி எண் 3215. அதாவது 2015-ம் ஆண்டு 32-வது வாரம் செய்த டயர். ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும், ஓரத்தில் வெடிப்பு விடும். நான்கையும் மாற்ற 14,000, ஏ.சி. வேலைக்கு 5,000 என்று விலையில் குறைக்கச் சொன்னோம். துண்டுக்குள் விரல் பிடிக்காத குறைதான்! ஆசிரியர் 2,80,000 சொன்னார். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக இறங்கி புதுக் கார் விலையே குறைந்திருக்கிறது, பழையது மட்டும் பழைய விலையில் நிற்கலாமா என்று கேட்டேன். 2,55,000-க்கு முடிந்தது. மிச்சம் 45,000. முதல் வருடச் செலவுக்கு அந்தப் பணம் கையில் இருந்தே ஆக வேண்டும் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருகிற எத்தனால்தான். மக்காச்சோளத்துக்கு நல்ல விலை வேண்டும் என்று பேசுகிற நான் இதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் 2023-க்கு முந்தைய கார்கள் இந்த அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய ரப்பர் குழாய்களும் வளையங்களும் விறைக்கலாம். சர்வீஸில் அவற்றைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பணம் கொடுத்த அன்றே படிவம் 29-லும் 30-லும் கையெழுத்து வாங்கினோம். பெயர் மாற்றத்துக்கு 30 நாள், இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள் கெடு. கிராமத்தில் பலர் பழைய பெயரிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விபத்தில் எதிராளிக்கு ஏற்படும் இழப்பை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளலாம். நம் கார் சேதத்துக்குப் போய் நின்றால், பாலிசி உங்கள் பெயரில் இல்லையே என்பார்கள். ஆசிரியர் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த பிரீமியத் தள்ளுபடி அவருக்கே சொந்தம், காரோடு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடியது. ஆர்.சி. 2030 வரை செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

கார் வந்த வாரமே ஊரில் இரண்டு பேர் மருமகனிடம் வாடகைக்குக் கேட்டார்கள். வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது. மாட்டேன் என்று சொல்லிவிட்டான். பக்கத்து ஊரில் இருந்து அதே நேரத்து டயாலிசிஸுக்கு வரும் ஒரு பெரியவரை மட்டும் வழியில் ஏற்றிக்கொள்கிறான், காசு வாங்குவதில்லை. அவர் வீட்டில் இருந்து வாரம் தவறாமல் ஒரு கட்டு முருங்கைக்காய் பின் இருக்கையில் கிடக்கிறது. மச்சானுக்கு முருங்கைக்காய் அளவோடுதான் கொடுக்க வேண்டுமாம். அக்கா மிச்சத்தை என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.