சக்கரத்துக்குக் கல்

போன மாதம் எங்கள் வீட்டுக் கராஜில் கார் தூக்கும் லிப்ட் ஒன்றை மாட்டினோம். எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அவளுக்குச் சொன்ன காரணம் ஒன்று. சொல்லாத காரணம் ஒன்று. இங்கே இரண்டையும் எழுதுகிறேன்.

கார் என்னுடையது அல்ல, அண்ணனுடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் 15 ஆண்டு இருந்துவிட்டு பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். 1984இல் ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினார். எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் நிறைய; ஆனால் தன் காரைத் தானே பழுது பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான். ஜாக்கியை அவர் 'கிரிக்' என்றே சொல்வார். பள்ளிக்கூடத்தில் நானும் பிரெஞ்சு வழியில் படித்தவன்தான். ஆனால் கார் சம்பந்தப்பட்ட பிரெஞ்சுச் சொற்களையெல்லாம் அவரிடம்தான் கற்றேன். காருக்கு அடியில் வைக்கும் இரும்பு முட்டுக்கு அந்த மொழியில் 'ஷாந்தேல்', அதாவது மெழுகுவர்த்தி. கார் தூக்கும் லிப்டுக்கு 'போன்', அதாவது பாலம்.

அண்ணன் காலமாகி 9 வருடம் ஆகிறது. சென்னையில் வேலை பார்க்கும் அவருடைய மகன் சனிக்கிழமை வந்தால் பத்மினிக்கு அடியில் போய்விடுவான். ஜாக்கியைப் போட்டுத் தூக்குவான், சட்டையைக் கழற்றுவான், முதுகுக்கு ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவான். அவன் வெளியே வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் சொல்லிவிட்டேன்: "தம்பி, இனிமே ஜாக்கி வேணாம். லிப்ட் வாங்கித் தரேன்." அவன் சிரித்தான். "சித்தப்பா, அது ஒர்க்ஷாப் சமாச்சாரம்." நான் விடவில்லை.

36 வருடம் கோப்பில் குறிப்பு எழுதிய கை அல்லவா, ஒரு நோட்டுப் போட்டு ஆரம்பித்தேன். முதலில் அளவு. எங்கள் கராஜ் 11 அடி அகலம், 20 அடி நீளம், 9½ அடி உயரம். வண்டியின் உயரம் 5 அடிக்குக் கொஞ்சம் குறைவு.

லிப்டில் மூன்று வகை பார்த்தோம். இரண்டு தூண் வகை எல்லோருக்கும் பிடித்தது. வண்டிக்கு அடிப்பகுதி முழுக்கத் திறந்து கிடக்கும், நின்றுகொண்டே வேலை செய்யலாம். ஆனால் ஆள் நிற்கும் அளவுக்கு வண்டியைத் தூக்கக் கூரைக்குக் கீழே இடம் இல்லை. தூண்களை நிறுத்த அகலமும் போதாது. மொத்தப் பாரமும் தூண் அடியில் உள்ள போல்ட்டுகளின் மேல்தான் நிற்கும் என்பதால் தரையும் பலமாக இருக்க வேண்டும். நான்கு தூண் வகையில் வண்டி இரண்டு நீளத் தட்டுகளின் மேல் ஏறி நிற்கும். அது நிலையானது. ஆனால் சக்கரம் தட்டின் மேலேயே இருப்பதால், அதைக் கழற்ற மறுபடி ஜாக்கி வேண்டும். ஜாக்கிக்குப் பயந்து வாங்குவதில் ஜாக்கியா? மூன்றாவது, கத்தரிக்கோல் போல விரிந்து எழும்பும் வகை. வண்டியின் உடலைத் தாங்கி சுமார் 1 மீட்டர் தூக்கும், சக்கரங்கள் தொங்கும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நடுவில் லிப்டே இருப்பதால் அந்த இடத்தில் கை போகாது, அது ஒரு குறை. எங்கள் கூரைக்கு இதுதான் சரி என்று முடிவு செய்தோம்.

மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கினேன். வாழ்நாள் முழுதும் குறைந்த விலைக்காரருக்கே பரிந்துரை எழுதியவன், இந்த முறை எழுதவில்லை. குறைந்த விலை சொன்னவரிடம், "எண்ணெய்க் குழாய் வெடித்தால் வண்டியை எது தாங்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் வெடிக்காது சார்" என்றார். இரண்டாவது ஆள் ஒன்றும் பேசாமல் லிப்டைக் கொஞ்சம் தூக்கி, பக்கவாட்டில் இருந்த இரும்புப் பற்களைக் காட்டினார். எழும்பும்போது டக், டக் என்று ஒவ்வொரு பல்லாக விழுகிறது. தேவையான உயரம் வந்ததும் சற்று இறக்கி அந்தப் பல்லின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகு பாரம் எண்ணெயின் மேல் இல்லை, இரும்பின் மேல். அவரிடமே வாங்கினோம்.

அடுத்தது தரை. ஓர் ஓரத்தில் துளை போட்டுப் பார்த்தால் 2½ அங்குலம்தான் கான்கிரீட், அதற்குக் கீழே செங்கல் ஜல்லி, அப்புறம் நம் ஊர் மணல். போல்ட் எதைப் பிடிக்கும்? லிப்ட் நிற்கும் இடத்தை உடைத்து, கம்பி கட்டி, 6 அங்குலத்துக்கு எம்25 கான்கிரீட் போட்டோம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினேன், காலையும் மாலையும் நானே ஊற்றினேன். 28 நாள் எதையும் ஏற்றவில்லை. மோட்டாருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த். வீட்டு ஒற்றை பேஸ் மின்சாரமே போதுமாயிருந்தது.

கடைசியாக வண்டி. பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் தகடு துருப்பிடித்திருந்தால் தூக்கும்போது மடங்கிவிடும். கடற்காற்று ஊரில் நாற்பது வருட வண்டி! தம்பி ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தான். இடப்பக்கம் ஓரிடத்தில் உள்ளே போய்விட்டது. புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் ஏற்றினோம்.

முதல் நாள் வண்டியை முழு உயரத்துக்குத் தூக்கிப் பல்லில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் யாரையும் கிட்டே விடவில்லை. பிறகு போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. தம்பி உள்ளே போகக் குனிந்தவன், நிமிர்ந்து சிரித்தான். "சித்தப்பா, இது என்ன?"

பின் சக்கரங்கள் இருந்த இடத்தில் நான்கு செங்கல். வண்டியை நிறுத்தியதும் முன்னும் பின்னும் நான் வைத்தவை. வண்டி மேலே போய்விட்டது, கல் தரையில் கிடக்கிறது.

"சக்கரமே ஆகாயத்தில இருக்கு, கல்லு யாருக்கு?"

அப்போதுதான் சொன்னேன். 1987இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் முன் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். "பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் வைடா" என்றார். ஒரு பக்கம் வைத்தேன். மற்றொரு கல் தோட்டத்தில் இருந்தது. உள்ளேயிருந்து காபிக்குக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு வந்து வைக்கலாம் என்று போனேன். வண்டி ஒரு சாண்தான் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. அண்ணனின் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமும், அண்ணியிடமும், "நான்தான் கல் வைக்க மறந்தேன்" என்றார். தனியாக இருக்கும்போதும் என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. கேட்டிருக்கலாம் மன்னிப்பு. 28 வருடம் அவகாசம் இருந்தது.

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் அவன். சிறிது நேரம் கழித்து முக்காலியை இழுத்துப் போட்டு உள்ளே போய் வேலையைத் தொடங்கினான். சாயங்காலம் வண்டியை இறக்கும் முன் செங்கற்களைச் சக்கரம் மிதிக்காதபடி சற்றுத் தள்ளி வைத்தான். இறங்கியதும் நான்கையும் எடுத்துத் தன் இடத்தில் அண்டக் கொடுத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் லிப்ட் வாங்க வேண்டாம். ஆனால் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பி வெளியே கூப்பிடுங்கள். இரும்பு முட்டு இரண்டு, சக்கரத்துக்குக் கல். காபி ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம்.